அந்தச் செங்கம்மா நான்தான்

தம்பி,

நான் சுகம். தொண்டை மட்டும் கட்டிக்கொண்டிருக்கிறது. நேற்றிலிருந்து பாலில் மிளகும் மஞ்சளும் போட்டுக் குடித்துப் பார்க்கிறேன், குரல் வந்தபாடில்லை. அதனால்தான் போன் பண்ணாமல் எழுதுகிறேன் என்று நீ நினைத்தால் அது பாதி சரி. மீதிப் பாதி என்னவென்றால், போனில் நான் வாயைத் திறப்பதற்குள், “சரிம்மா, மீட்டிங் இருக்கு, அப்புறம் பேசுறேன்” என்று வைத்துவிடுவாய். எழுதியதை அப்படி நடுவில் வெட்ட முடியாது. பாதியில் மூடி வைத்தாலும், மறுபடி திறந்தால் விட்ட இடத்திலேயே உட்கார்ந்திருக்கும், என்னைப் போல.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை உனக்கு அனுப்பிய கையோடு அருளிடமும் கொடுத்து, எங்கள் டீம் வாட்ஸப் குரூப்பில் போடச் சொல்லப் போகிறேன். அருளை உனக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொன்னால், எங்கள் கால்பந்து அணிக்கு அவர்தான் கோச், மற்ற நேரத்தில் மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருப்பவர். பயப்படாதே, உன் பேரை நான் எழுதவில்லை, என் பேரையும் எழுதவில்லை. ஆனால் அம்மா சத்தமாகப் பேசினால் கூசிப்போகிற பிள்ளை இந்தக் காரைக்குடியில் நீ ஒருத்தன் மட்டும் இல்லை. மற்றவர்களும் படிக்கட்டும்.

போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து உன் வருங்கால மாமியார் பேசினார். நிச்சயம் முடிந்ததிலிருந்து அடிக்கடி பேசுகிறார், நல்ல மனுஷி, குறை சொல்ல ஒன்றுமில்லை. சாப்பாடு, வெயில், முகூர்த்தப் புடவை எல்லாம் பேசி முடித்துவிட்டு, கொஞ்சம் தயங்கித் தயங்கி ஆரம்பித்தார். “சம்பந்தி, ஒண்ணு கேக்கோணும், தப்பா நினைச்சுக்காதீங்க. ஒரு வீடியோ வந்துச்சுங்க. அச்சு அசல் உங்களையாட்டவே ஒரு அம்மா பந்து வெளையாடற எடத்துல சத்தம் போடறாங்க. மாப்பிள்ளைகிட்டக் கேட்டமுங்க. ‘அது எங்கம்மா இல்லீங்க, அந்தப் பக்கம் யாரோ செங்கம்மாவாம்’னு சொன்னாருங்க. உங்களுக்குத் தெரிஞ்சவங்களாங்க?” என்று கேட்டார். “பாத்திருக்கேன்” என்றேன். தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. உனக்காக நான் மறைத்தது அது ஒன்றுதான் தம்பி. இனிமேல் மறைக்க மாட்டேன்.

செங்கம்மா யாரென்று உனக்குத் தெரியாதா? நம் வீட்டிலிருந்து வடக்காக நடந்தால் வருகிற செங்கண்மாய்தான் அது. செம்மண் தரை, அதனால் அந்தப் பேர். கண்மாயை நம்மில் யார் கண்மாய் என்று சொல்கிறோம், கம்மாய் என்போம், அவசரத்தில் கம்மா என்போம். தண்ணீர் வற்றியதும் அந்தக் கண்மாய்க்குள்ளேதான் நம் பிள்ளைகள் கோல் போஸ்ட் நட்டு விளையாடுகிறார்கள், அதனால் டீமுக்கும் செங்கம்மா டீம் என்றே பேராகிவிட்டது. வெளியூர்க்காரர்கள் இதை ஒரு பொம்பளைப் பேர் என்று நினைத்துக்கொள்வார்கள். “உங்க டீமுக்கு ஏம்ப்பா அம்மா பேரு?” என்று கேட்ட ரெஃப்ரிகளும் உண்டு. நீயும் அந்தச் சட்டையைப் போட்டவன். பேர் எங்கிருந்து வந்தது என்று தெரிந்திருந்தும், அதைக் கொண்டுபோய் உன் அம்மாவை மறைக்கிற திரையாகக் கட்டியிருக்கிறாயே, உன் மூளையை மெச்சத்தான் வேண்டும்.

அந்த வீடியோவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நீ பாதிதானே பார்த்திருப்பாய். வெளியூரில் ஆட்டம். நம்ம காசி, பரோட்டா மாஸ்டர், அழகாகப் பந்தை வாங்கிக்கொண்டு தனியாகப் போகிறான். லைன்ஸ்மேன் கொடியைத் தூக்கிவிட்டார், ஆஃப்சைடாம். அந்த இடத்துக்கு நேராக நான் நிற்கிறேன். என் கண்ணுக்குத் தெரிந்தது அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. “ஏய்யா, கொடிய ஏன்யா தூக்குற? பந்து இங்குட்டு இருந்து போறப்ப அவன் அங்குட்டுல்ல நின்னான்! நீ கண்ண எங்குட்டு வச்சிருந்த?” என்று கேட்டேன். கேட்டுக்கொண்டே கோட்டோரமாக அவர் பின்னாலேயே போனேன். போகும்போது செருப்பு வார் அறுந்துவிட்டது, அதனால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். வீடியோவில் வார் அறுந்தது தெரியாது, செருப்பு மட்டும்தான் தெரியும். பின்னால் நம்ம ஆட்கள் டீம் பேரைச் சொல்லி, “செங்கம்மா! செங்கம்மா!” என்று கத்துகிறார்கள். எடுத்த பையன் அது என் பேர் என்று முடிவு பண்ணி, ‘பொங்கி எழுந்த செங்கம்மா’ என்று தலைப்பும் போட்டு ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டான். இவ்வளவுதான் நடந்தது. யாரையும் அடிக்கவில்லை, யாரையும் கெட்ட வார்த்தை சொல்லவில்லை. கொடி தூக்கியது தப்பு என்று இன்றைக்கும் சொல்வேன்.

உன் மாமியார் வைத்ததும் உன்னைக் கூப்பிட்டேன். நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? “ஏம்மா, இந்த வயசுல உனக்கு எதுக்கு இந்த வேலை? அவங்க டீசண்டான ஃபேமிலி. கல்யாணம் முடியிற வரைக்குமாச்சும் அங்க போகாத. ஞாயித்துக்கிழமை கண்டிப்பா போகாத, எவனாச்சும் மறுபடி எடுத்துப் போட்டான்னா என்னால பதில் சொல்ல முடியாது.” நான் பாப்போம் என்று சொல்லி வைத்துவிட்டேன். எனக்கு வந்தது கோபம் இல்லை தம்பி. வலித்தது. அப்படியே சமையல்கட்டில் போய் நின்றேன், அடுப்பைப் பற்ற வைக்க மறந்துபோய் வெறும் பாத்திரத்தைக் கிண்டிக்கொண்டிருந்தேன். உன் அப்பா வந்து பார்த்துவிட்டு, “என்ன, காத்தக் கிண்டிக்கிட்டு இருக்க?” என்றார். சொன்னேன். அவர் போய் டிவியை அணைத்துவிட்டு உட்கார்ந்தார்.

நான் அந்த மைதானத்துக்குப் போனது யாரால் என்று யோசித்தாயா? உன்னால்தான். நீ எட்டாவது படிக்கும்போது ஷூ வேண்டும் என்று அழுது அடம்பிடித்துச் செங்கம்மா டீமில் சேர்ந்தாய். தனியாக அனுப்பப் பயமாக இருந்தது, கூடவே வந்தேன். ஒரு சீசன் முழுக்க உன்னைப் பெஞ்சிலேயே உட்கார வைத்தார்கள். நீ இப்போது இறங்குவாய், அப்போது இறங்குவாய் என்று பார்த்துக்கொண்டிருந்தேன், நீ இறங்கவே இல்லை. சும்மா இருக்க முடியாமல் மற்ற பிள்ளைகள் ஆடுவதைப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க எனக்கு ஆட்டம் புரிந்துபோயிற்று. உனக்குத் தெரியும், நான் யூனியன் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தவள். காலையில் போனால் சாயங்காலம் வரை, “சரிங்க சார், ஆகட்டும் சார்” என்பதற்கு மேல் என் வாயிலிருந்து எதுவும் வராது. வீட்டிலும் அப்படித்தான். முதல் தடவை அந்த மைதானத்தில், “அடேய், ரைட்ல ஆள் இல்ல, அங்குட்டுப் போடு!” என்று என்னையறியாமல் கத்தினேன். அந்தப் பையனும் அங்குட்டே போட்டான். கோல் விழுந்தது. என் சத்தத்தைக் கேட்டு ஒருத்தன் ஒரு காரியம் செய்தது அன்றைக்குத்தான். அந்தச் சந்தோஷத்தை நீ குறைவாக எடை போடாதே.

கடைசியாக ஒரு நாள் உன்னையும் இறக்கினார்கள். அதை நீ மறந்திருக்க மாட்டாய், நானும் இத்தனை வருஷமாக உன்னிடம் பேசியதில்லை. ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். நீ பதறிப்போய் ஓடினாய், பந்து உன் காலில் பட்டு நம்ம கோலுக்குள்ளேயே போய்விட்டது. சேம் சைடு கோல். தோற்றுப்போனோம். கரையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள், ஒரு ஆள் சத்தமாக, “யாரு வீட்டுப் பையன்டா அவன்?” என்று கேட்டார். நீ தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடுவில் நின்றாய். நான் எழுந்து நின்று, “எங்க வீட்டுப் பையன்தான், என்ன இப்ப?” என்றேன். நீ என்னைப் பார்த்தாய். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டே வந்தாய், அவ்வளவு பெரிய பையன். அன்றைக்கு நான், “அது எம் பிள்ளை இல்ல, யாரோ பள்ளத்தூர்ப் பையனாம்” என்று சொல்லியிருந்தால் உனக்கு எப்படி இருந்திருக்கும்? நினைத்துப் பார். நீ கோயம்புத்தூரில் போட்டதும் அதே கோல்தான் தம்பி. நம்ம பக்கத்திலேயே போட்டிருக்கிறாய்.

பிறகு நீ டியூஷன், கோச்சிங், காலேஜ் என்று போய்விட்டாய். உன்னைக் கூட்டிப்போக வந்தவள் நான், நீ போன பிறகும் அங்கேயே தங்கிவிட்டேன். இப்போது ஓய்வு பெற்றாகிவிட்டது, யாரிடமும் அனுமதி எழுதித் தர வேண்டியதில்லை. மாவட்ட லீக்கில் நாம் இரண்டாம் டிவிஷன். என்றைக்கும் இரண்டாம் டிவிஷன். இந்த வருஷம் ஆரம்பமே மோசம், அடுத்தடுத்துத் தோற்று, கீழே போய்விடுவோமோ என்றுதான் அருள் கவலைப்பட்டார். கோல் கீப்பர் தாகிருக்கு மீன் மார்க்கெட்டில் வேலை, விடியற்காலையில் போய்விட்டு வந்து தூக்கக் கலக்கத்தோடு கோலில் நிற்பான். காசிக்கு ஓட்டலில் லீவு கிடைக்காது. அப்புறம் என்ன ஆயிற்றோ, சீசன் பாதிக்கு மேல் ஒரு வேகம் பிடித்தது. ஜெயித்தார்கள், மறுபடி ஜெயித்தார்கள். கண்டரமாணிக்கம், வலையபட்டி பக்கமிருந்தெல்லாம் ஆட்கள் பைக்கில் வந்து பார்க்க ஆரம்பித்தார்கள். கடைசியில் வந்து நின்றது எங்கே தெரியுமா? ஒரே ஒரு ஆட்டம் பாக்கி, அதுவும் முதலிடத்தில் இருக்கிற டீமோடு, நம்ம கண்மாயில். அவர்கள் நமக்கு ஒரே ஒரு பாயிண்ட் மேலே. முதலிடம் வருகிற டீம்தான் முதல் டிவிஷனுக்குப் போகும். சமமாக முடிந்தால் அவர்கள் போவார்கள், ஜெயித்தால் நாம் போவோம். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நீ என்னைப் போகாதே என்றாய்.

உன் பேச்சைக் கேட்டு மேகமும் உன் கட்சியில் சேர்ந்துகொண்டது போல, வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிடித்தது கோடை மழை. ஊரே வாசலில் வந்து நின்று கும்பிட்டது. நான் மட்டும் ஜன்னலோரத்தில் நின்று வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். மழை விட்டதும் குடையை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். அருள், தாகிர், காசி எல்லோரும் கண்மாய்க் கரையில் குந்தியிருந்தார்கள். வடக்குப் பக்கம் மேடு, அங்கே ஈரம் மட்டும்தான். தெற்குக் கோல் பள்ளத்தில் இருக்கிறது, போஸ்ட்டைச் சுற்றி முழங்கால் அளவுக்குத் தண்ணீர். தாகிர் சொன்னான், “பெரியம்மா, மழை பேஞ்சதுக்கு அழுகுற ஆளுக இந்தச் சீமையிலேயே நாம மட்டும்தான். வெளிய சொல்லிறாதீக, அடிக்க வந்துருவாக.” யாருக்கும் சிரிப்பு வரவில்லை. ஞாயிறு மதியத்துக்குள் மைதானம் சரியாகவில்லை என்றால் ஆட்டத்தை எதிர் டீமின் மைதானத்துக்கு மாற்றிவிடுவோம் என்று லீக் ஆட்கள் சொல்லிவிட்டார்களாம். அங்கே போய் நாம் என்றைக்கும் ஜெயித்ததில்லை. “மடையத் திறந்து விட்டா என்ன?” என்றான் காசி. அருள் அவனை முறைத்தார். “ஆடு மாடு குடிக்கிற தண்ணிடா. பந்து வெளையாடுறதுக்குக் கம்மாத் தண்ணிய வெட்டி விட்டோம்னு பேரு வாங்கவா?” என்றார். அது நியாயம். ஊர்க்காரர்களின் சந்தோஷத்தைக் கெடுத்து ஜெயிக்க வேண்டாம் என்பதில் எங்களுக்குள் இரண்டு பேச்சில்லை.

மடையைத் தொடாமல் ஒரே வழிதான் இருந்தது. தெற்குக் கோலில் நிற்கிற தண்ணீரை அள்ளி, அதே கண்மாயின் கிழக்குப் பள்ளத்தில் கொண்டுபோய் ஊற்றுவது. தண்ணீர் கண்மாயை விட்டு வெளியே போகாது, கோல் மட்டும் காயும். சனிக்கிழமை முழுக்கப் பையன்கள் வரப்புப் போட்டு அள்ளினார்கள், போதவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் இரண்டு வாளியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். நூறு நாள் வேலையில் என்னைத் தெரிந்த பெண்கள் இருக்கிறார்கள், போகிற வழியில் கூப்பிட்டேன். “லீவு நாள்லயும் கம்மா வேலையா, கூலி யாரு குடுப்பா?” என்று கேலி பண்ணிக்கொண்டே ஆளுக்கொரு சட்டியோடு வந்துவிட்டார்கள். வாசலில் செருப்பு மாட்டும்போது பின்னால் டம் டம் என்று சத்தம். உன் அப்பா பரணிலிருந்து அந்தப் பெரிய அண்டாவை இறக்கிக்கொண்டிருந்தார், பொங்கலுக்குக்கூட இறக்காத அண்டாவை. “என்னங்க, எங்குட்டுக் கிளம்பிட்டீக?” என்றேன். “நீ எங்குட்டோ அங்குட்டுத்தான்” என்றார். இத்தனை வருஷத்தில் ஒரு நாள் மைதானத்துப் பக்கம் எட்டிப் பார்த்தவர் இல்லை. “அப்ப வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு வெரசா வாங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு முன்னால் நடந்தேன்.

அள்ளினோம் தம்பி. அள்ள அள்ள ஊறுகிறது, விடாமல் அள்ளினோம். உன் அப்பா இரண்டு நடைக்கு மேல் தாங்க மாட்டார் என்று நினைத்தேன், நினைத்தபடியே கோலுக்கு முன்னால் சேற்றில் வலது கால் முழுசாக இறங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாலு பேர் சேர்ந்து இழுத்தோம், ஆள் வந்துவிட்டார், செருப்பு வரவில்லை. அது இன்னமும் அந்தக் குழிக்குள்தான் இருக்கிறது. மதியம் ரெஃப்ரி வந்து, பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு நடந்து பார்த்தார். பந்தைப் போட்டுத் தட்டிப் பார்த்தார். எதிர் டீமின் மேனேஜர், “சார், இது கிரவுண்டா? வயல் சார்” என்றார். ரெஃப்ரி எங்களைச் சுற்றிப் பார்த்தார். முப்பது நாற்பது பெண்கள், சேலையெல்லாம் சேறு, கையில் சட்டி, வாளி, அண்டா. “ஆடலாம்” என்றார். நாங்கள் போட்ட சத்தத்தில் கரை மரத்திலிருந்த கொக்கெல்லாம் பறந்துவிட்டது.

ஆட்டத்தைப் பற்றி நீளமாகச் சொல்லி உன்னைப் படுத்த மாட்டேன். முதல் பாதியில் கோல் இல்லை. அவர்கள் நன்றாக ஆடினார்கள், பொய் சொல்லக்கூடாது. தாகிர் இரண்டு தடவை பாய்ந்து தடுத்தான். நான் எப்போதும் நிற்கிற இடத்திலேயே கோட்டோரத்தில் நின்றேன். நாலைந்து பேர் செல்போனை ஆட்டத்தின் பக்கம் காட்டாமல் என் பக்கம் காட்டிக்கொண்டு நின்றார்கள். ஒரு நொடி உன் ஞாபகம் வந்தது. வாயைப் பொத்திக்கொள்ளலாமா என்றுகூடத் தோன்றியது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன். “நல்லா எடுங்கப்பா, முகம் தெளிவா விழணும்” என்று சொல்லிவிட்டு, இன்னும் சத்தமாகக் கத்தினேன்.

இரண்டாம் பாதியில் நாம் அடிக்க வேண்டியது தெற்குக் கோலில். நேரம் போய்க்கொண்டே இருக்கிறது. சமமாக முடிந்தாலே அவர்களுக்குப் போதும் என்பதால் பந்தை வாங்கி வாங்கி வெளியே அடித்துக்கொண்டிருந்தார்கள். தாகிர் இந்தக் கோடியிலிருந்து பலத்தையெல்லாம் சேர்த்து ஒரு உதை விட்டான். பந்து எல்லோரையும் தாண்டி உருண்டு அவர்கள் கோல் கீப்பரைப் பார்த்துப் போகிறது. அவன் நிதானமாகக் குனிந்து கையை நீட்டிக்கொண்டு நிற்கிறான், பந்து தானாக வரும் என்று. காசி நின்றுவிட்டான். “காசி, நிக்காத, அது அங்குட்டுப் போகாதுடா, ஓடு!” என்று கத்தினேன். காலையிலிருந்து அள்ளிய தரை, எந்த இடம் எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? உன் அப்பா காலை விட்ட குழி கீப்பருக்கு நாலு எட்டு முன்னால் இருந்தது. பந்து அதில் போய்ச் சொத்தென்று உட்கார்ந்துகொண்டது. கீப்பர் நிமிர்வதற்குள் காசி வந்துவிட்டான். ஒரே தட்டு. அவ்வளவுதான், எனக்கு அதற்கு மேல் தெரியவில்லை, யாரையோ கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதேன். பார்த்தால் சேறும் சகதியுமாக உன் அப்பா. “என் செருப்பு போட்ட கோல்டி அது” என்கிறார். நேற்றிலிருந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மிச்ச நேரம் முழுக்க அவர்கள் நம்ம கோலிலேயே குடியிருந்தார்கள். என் குரல் போனது அப்போதுதான். கடைசி விசில் ஊதியதும் பையன்கள் அருளைத் தூக்கிக் கிழக்குப் பள்ளத்துத் தண்ணீரில் போட்டார்கள். நாம் முதல் டிவிஷன் தம்பி. அடுத்த வருஷம் இந்தக் கண்மாயில் ஆட முடியாது, முதல் டிவிஷனுக்குச் சுற்றிக் கம்பி வேலி போட்ட மைதானம் வேண்டுமாம். வேண்டுமென்றால் வேண்டும். சிவகங்கையோ மானாமதுரையோ, எங்கே ஆடினாலும் பஸ் போகிறது, பஸ்ஸில் எனக்கு இடமும் இருக்கிறது. உன் அப்பாவுக்கும் புதுச் செருப்பு வாங்கியாகிவிட்டது.

இனி உன் கல்யாணம். உனக்குப் புத்தி சொல்ல எனக்கு இருப்பது கொஞ்சம்தான். கட்டிக்கொள்ளப் போகிற பெண் ஒரு நாள் நாலு பேர் மத்தியில் சத்தம் போடுவாள். சிரிப்பாள், அழுவாள், தப்பாகக்கூட ஏதாவது செய்வாள், சேம் சைடு கோல்கூடப் போடுவாள். சுற்றி நிற்கிறவன், “யாருப்பா அது?” என்று கேட்பான். அன்றைக்கு நீ என்ன சொல்வாய் என்பதில்தான் அவளுடைய வாழ்க்கை இருக்கிறது, உன் சம்பளத்தில் இல்லை. உன் அப்பா வாய் திறந்து எனக்காக எதுவும் பேசத் தெரியாதவர், அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். எனக்கு அது போதுமாக இருந்தது. நீ வாய் பேசத் தெரிந்தவன், அந்த வாயை எதற்குப் பயன்படுத்துகிறாய் என்று பார்த்துக்கொள். கல்யாணத்துக்கு டீம் மொத்தமும் வரும், பெஞ்சில் உட்காருகிற சப் உட்பட. முன் வரிசையில்தான் உட்கார வைப்பேன். அந்த லைன்ஸ்மேனுக்கும் பத்திரிகை வைக்கப் போகிறேன், வந்தால் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும், ஆனால் அது ஆஃப்சைடு இல்லை. நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நீ சொல்கிற மாதிரி டீசண்டாக நிற்பேன். யாராவது, “செங்கம்மா” என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பேன்.

நேற்று மைதானத்திலிருந்து நான் முதலில் போன் பண்ணியது யாருக்குத் தெரியுமா? உனக்கு இல்லை. சுற்றிலும் பறைச் சத்தம், விசில் சத்தம், ஒரு காதைப் பொத்திக்கொண்டு கோயம்புத்தூருக்குப் போட்டேன். உன் மாமியார் எடுத்தார். “யாருங்க பேசறது? குரலே தெரியலீங்களே?” என்றார். இருந்த கொஞ்ச நஞ்சக் குரலையும் கூட்டி, “சம்பந்தி, செங்கம்மா பேசுறேன்” என்றேன். “மாப்பிள்ளையோட அம்மாதான். வீடியோவில பாத்தீங்கள்ல, அது நாந்தான்” என்றேன்.

அவர் அதற்கு என்ன சொன்னார் என்று உனக்கு நான் சொல்லப்போவதில்லை. தெரிய வேண்டுமென்றால் நீயே போன் போட்டுக் கேள். ஆனால் கேட்பதற்கு முன்னால், “அது எங்கம்மாங்க” என்று சொல்லிவிட்டுக் கேள்.

உன் அம்மா,
செங்கம்மா